தண்ணிக்குள்ள ஃபெம்டோசெகண்ட்ல நடக்கறத எலக்ட்ரான வெச்சு எப்படி கண்டுபிடிக்கறாங்க?

கேட்டது ரெண்டு கேள்வி. ஒண்ணு, தண்ணி மேல எக்ஸ்ரே மாதிரி ஏதாவது பட்டா முதல் கட்ட மாற்றம் எல்லாம் சில ஃபெம்டோசெகண்ட்லயே முடிஞ்சுடுதுங்கறாங்க, அத எலக்ட்ரானோட வேகத்த அளந்து எப்படி கண்டுபிடிக்க முடியும்? ரெண்டாவது, எலக்ட்ரான அளக்கணும்னா வேக்யூம் வேணும், வேக்யூம்ல தண்ணிய வெச்சா பொங்கி ஆவியாயிடுமே, அப்புறம் திரவத் தண்ணியிலதான் அளந்தோம்னு எப்படி சொல்றாங்க?

ரெண்டாவதுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்தத் துறை பல வருஷம் நகராம நின்னதே அங்கதான். நேரத்த அளக்கறத பத்தி எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க, ஆனா அதுக்கு லேசர் இருக்கு, அது போக தண்ணி மூலக்கூறுக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்கு, அத அப்புறம் சொல்றேன். என்னைக் கேட்டா நிஜமான தலைவலி வேற, தண்ணியில இருந்து வெளிய வந்து சேர்ற எலக்ட்ரான் சொல்றத எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறதுதான்.

அடிப்படை ரொம்ப எளிசு. எனர்ஜி தெரிஞ்ச ஒளிய ஒரு பொருள் மேல அடிச்சா எலக்ட்ரான் தெறிச்சு வரும், அது எவ்வளவு வேகத்துல வருதுன்னு அளந்து ஒளியோட எனர்ஜியில இருந்து கழிச்சா, அந்த எலக்ட்ரான் உள்ள எவ்வளவு இறுக்கமா கட்டப்பட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அதுதான் பைண்டிங் எனர்ஜி. 1905ல ஐன்ஸ்டீன் சொன்ன ஒளிமின் விளைவு கணக்கேதான் இது. இத துல்லியமான கருவியா மாத்தினது ஸ்வீடன்ல உப்சாலாவுல இருந்த கை சீக்பான், 1981ல நோபல் பரிசுல பங்கு வாங்கினாரு. ஆனா அவங்க செஞ்சதுல பெரும்பகுதி திடப்பொருளும் வாயுவும்தான், ஏன்னா தெறிச்சு வர்ற எலக்ட்ரான் வழியில வேற மூலக்கூறு மேல மோதாம டிடெக்டர் வரைக்கும் போகணும். தண்ணி 0 டிகிரியிலயே 6 மில்லிபார் ஆவியழுத்தம் வெச்சிருக்கு, டிடெக்டர் பக்கம் இருக்க வேண்டியது அதுல லட்சத்துல ஒரு பங்குக்கும் கீழ. 1973ல சீக்பான் குழு திரவத்துல முதல் முறையா அளந்தப்ப கூட தண்ணிய தொடல, ஆவியழுத்தம் ரொம்பக் கம்மியா இருக்கற ஃபார்மமைடத்தான் எடுத்தாங்க.

இத உடைச்சது ஜெர்மனியில கோட்டிங்கன்ல இருந்த மான்ஃப்ரெட் ஃபாபெல். 1980கள் கடைசியில அவரு யோசிச்சது என்னன்னா, ஆவிய நிறுத்த முடியாது, ஆனா தண்ணியோட பரப்ப அவ்வளவு சின்னதா ஆக்கிட்டா? 6 மில்லிபார்ல ஒரு நீராவி மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதறதுக்கு முன்னாடி சில மைக்ரோமீட்டர்ல இருந்து பத்து மைக்ரோமீட்டர் பக்கம் போகும். தண்ணித் தாரையோட தடிமனும் அதே அளவுல இருந்தா, சுத்தி இருக்கற ஆவி ரொம்ப சீக்கிரம் மெலிஞ்சு போயிடும், எலக்ட்ரான் தப்பிச்சு வந்துடலாம். 1988ல தாரையில இருந்து ஆவியாகற மூலக்கூறுகளோட வேகத்த அளந்து இது வேலை செய்யுதுன்னு காட்டினாங்க, 1997ல அதே தாரையில இருந்து திரவத் தண்ணியோட போட்டோஎலக்ட்ரான் ஸ்பெக்ட்ரம் வந்துச்சு, அதாவது ஒளி பட்டு தெறிச்ச எலக்ட்ரான்ல எந்த எனர்ஜியில எத்தனை வந்துச்சுன்னு காட்டற வரைபடம். இன்னைக்கு உலகம் பூரா பயன்படுத்தற லிக்விட் மைக்ரோஜெட் இதுதான்.

நடைமுறையில எப்படி இருக்கும்னா, 15ல இருந்து 25 மைக்ரோமீட்டர் துளை இருக்கற கண்ணாடி நாசில், அதுக்குப் பின்னாடி கெமிஸ்ட்ரி லேப்ல இருக்கற எச்பிஎல்சிங்கற உயர் அழுத்த பம்ப் நிமிஷத்துக்கு அரை மில்லிலிட்டர் பக்கம் தள்ளும். கேக்க கம்மியாத்தான் இருக்கு, ஆனா அவ்வளவு சின்னத் துளை வழியா அது போகணும்னா துளைக்கு ஏத்த மாதிரி செகண்டுக்கு 17ல இருந்து 47 மீட்டர் வரைக்கும் வேகம் வரும், கணக்கு போட்டுப் பாருங்க. முதல் சில மில்லிமீட்டர் நூல் மாதிரி நேரா போகும், அந்த இடத்துலதான் லேசரோ எக்ஸ்ரேவோ படணும், அதுக்கப்புறம் துளித்துளியா உடைஞ்சிடும். எதிர்ல திரவ நைட்ரஜன்ல குளிர வெச்ச ட்ராப் ஒண்ணு இருக்கும், தண்ணி அதுல போய் உறைஞ்சு ஒட்டிக்கும், கொஞ்சம் கவனிக்காம விட்டா ஐஸ் குச்சி மாதிரி நாசில நோக்கி வளர்ந்து வந்து எல்லாத்தையும் கெடுத்துடும். சுத்தமான தண்ணிய அப்படியே விடவும் மாட்டாங்க, துளிக்கூண்டு உப்பு போடுவாங்க, இல்லன்னா அந்த வேகத்துல தாரை தானா மின்னூட்டம் ஏத்திக்கும், எலக்ட்ரானோட எனர்ஜி எல்லாம் நகர்ந்து போயிடும்.

இந்த மின்னூட்டம் சின்ன விஷயம் இல்ல. வாயுவா இருக்கற தண்ணி மூலக்கூறுல இருந்து மேல்மட்ட எலக்ட்ரான எடுக்க 12.6 எலக்ட்ரான் வோல்ட் வேணும் (இது எனர்ஜியோட அளவு, எலக்ட்ரானோட வேகத்தையும் இதுலதான் சொல்வாங்க). திரவத்துல பக்கத்து மூலக்கூறுகள் எல்லாம் சேர்ந்து தாங்கிக்கறதால அது குறையும். எவ்வளவு குறையும்ங்கறதுக்கு 2004ல பெர்லின்ல அளந்த 11.16ங்கற எண்ணத்தான் ரொம்ப நாள் எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் தாரையோட மின்னூட்டத்தையும் கருவியோட பொட்டென்ஷியலையும் ஒழுங்கா கணக்குல எடுத்து திரும்ப அளந்தப்ப 11.3 பக்கம் வந்து நிக்குது. வித்தியாசம் 0.17 எலக்ட்ரான் வோல்ட் பக்கம், அவ்வளவுதானான்னு தோணும், ஆனா உலகத்துல அதிகமா அளக்கப்பட்ட திரவத்துலயே இந்த நிலைமைன்னா மத்ததுக்கு என்ன சொல்ல.

சரி, இப்ப நேரம். ஃபெம்டோசெகண்ட்னா ஒரு செகண்ட பத்து கோடி கோடி பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு. தண்ணியில ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் நடுவுல இருக்கற பிணைப்பு ஒரு தடவை நீண்டு சுருங்க 10 ஃபெம்டோசெகண்ட் ஆகும், பக்கத்து மூலக்கூறோட இருக்கற ஹைட்ரஜன் பிணைப்பு அறுந்து வேற ஆளோட சேர ஆயிரம் ஃபெம்டோசெகண்ட் பக்கம் ஆகும். இத அளக்க எந்த எலக்ட்ரானிக் கடிகாரமும் பத்தாது. அதனால ரெண்டு லேசர் பல்ஸ் விடுவாங்க, முதல் பல்ஸ் வேலைய ஆரம்பிச்சு வைக்கும், ரெண்டாவது பல்ஸ் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து எலக்ட்ரான வெளிய தள்ளும். நடுவுல இருக்கற இடைவெளிய ஒரு கண்ணாடிய நகர்த்தி மாத்துவாங்க, கண்ணாடி 1 மைக்ரோமீட்டர் பின்னாடி போனா ஒளி போயிட்டு வர 2 மைக்ரோமீட்டர் அதிகம், நேரத்துல 6.7 ஃபெம்டோசெகண்ட். ஒவ்வொரு இடைவெளிக்கும் லட்சக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப அடிச்சு சேர்க்கணும். தாரை ஓடிக்கிட்டே இருக்கறதால ஒவ்வொரு அடிக்கும் புதுத் தண்ணி கிடைக்கும், முந்தின அடியில கெட்டுப்போன தண்ணி அதுக்குள்ள போயிருக்கும், மைக்ரோஜெட்டோட இந்த வசதிய யாரும் பெருசா பேசறது இல்ல.

இதுல ஒரு விலையும் இருக்கு, பல்ஸ் எவ்வளவு குட்டியோ அவ்வளவு அதோட எனர்ஜி விரிஞ்சு போகும். 20 ஃபெம்டோசெகண்ட் பல்ஸ்னா குறைஞ்சது 0.09 எலக்ட்ரான் வோல்ட் அகலம், 4 ஃபெம்டோசெகண்டுக்கு இறங்கினா அரை எலக்ட்ரான் வோல்ட் பக்கம் போயிடும். நேரமும் துல்லியமா வேணும் எனர்ஜியும் துல்லியமா வேணும்னா இயற்கை விடாது.

வெறும் ஒளி உறிஞ்சறத பாத்தாலே போதாதான்னு சிலர் கேப்பாங்க. பல விஷயத்துக்கு போதும். நீரேறிய எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கு, தண்ணியில தனியா சுத்தற ஒரு எலக்ட்ரான சுத்தி தண்ணி மூலக்கூறுகள் கூண்டு மாதிரி திரும்பி உக்காந்துக்கும், 1962ல ஹார்ட்டும் போகும் இத கண்டுபிடிச்சதே அது 700 நானோமீட்டருக்கு மேல சிவப்பு ஒளிய உறிஞ்சறத பாத்துதான். 1987ல ஃபிரான்ஸ்ல ஃபெம்டோசெகண்ட் லேசர் வெச்சு, அந்தக் கூண்டு 240 ஃபெம்டோசெகண்ட்ல உருவாகுதுன்னு சொன்னதும் உறிஞ்சற ஒளிய வெச்சுத்தான். ஆனா உறிஞ்சறது ரெண்டு மட்டத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்த மட்டும்தான் சொல்லும், ரெண்டும் எங்க இருக்குன்னு சொல்லாது, சில மட்டங்கள் ஒளிக்கு கண்ணுலயே படாது. போட்டோஎலக்ட்ரான்ல அந்தப் பிரச்சனை இல்ல, போதுமான எனர்ஜி இருந்தா எந்த மட்டத்துல இருந்தும் எலக்ட்ரான தள்ளிடலாம், அது அறுதியான எண்ணாவும் வரும்.

2010ல ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கான்னு பல குழு கிட்டத்தட்ட ஒரே சமயத்துல நீரேறிய எலக்ட்ரானோட பைண்டிங் எனர்ஜிய மைக்ரோஜெட்ல அளந்தாங்க, 3.3ல இருந்து 3.6 வரைக்கும் ஆளாளுக்கு ஒரு எண் வந்துச்சு. 2013ல பெர்க்லியில, இந்த எலக்ட்ரான மேல் மட்டத்துக்கு ஏத்தி விட்டா 75 ஃபெம்டோசெகண்ட் பக்கத்துல கீழ் மட்டத்துக்கு விழுந்துடுதுன்னு போட்டோஎலக்ட்ரான் வெச்சே பாத்தாங்க, கனநீர்ல, அதாவது ஹைட்ரஜனுக்கு பதிலா அதோட கனமான வகையான டியூட்டீரியம் இருக்கற தண்ணியில, இன்னும் கொஞ்சம் மெதுவா விழுந்துச்சு. கனநீர்ல மெதுவான்னா ஹைட்ரஜன் அணு அசையறதுக்கு இதுல பங்கு இருக்குன்னு அர்த்தம்.

ஏன் 3.3, ஏன் 3.6? இங்கதான் முன்னாடி சொன்ன தலைவலி வருது. தண்ணிக்குள்ள பிறந்த எலக்ட்ரான் வெளிய வர்ற வழியில மத்த மூலக்கூறுகள் மேல மோதும், மோதற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எனர்ஜிய இழக்கும். கூட்டமான பஸ்ல பின்சீட்ல இருந்து இறங்கறவன் இடிபட்டு இடிபட்டு வாசலுக்கு வர்றப்ப, அவன் எவ்வளவு வேகமா கிளம்பினான்னு வாசல்ல நின்னு பாத்து சொல்ற மாதிரி. எலக்ட்ரானுக்கு 100 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வேகம் இருந்தா, ஒண்ணு ரெண்டு நானோமீட்டர் ஆழத்துல இருந்து வந்ததுதான் எனர்ஜி இழக்காம தப்பிக்கும், அதாவது மேல இருக்கற சில அடுக்கு மூலக்கூறுகள். பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கீழ போனா இன்னும் ஆழத்துல இருந்து வரும், ஆனா சின்னச் சின்ன இழப்பு சேர்ந்து சேர்ந்து ஸ்பெக்ட்ரத்தோட பீக்கே, அதாவது உச்சியே நகர்ந்துடும், உருவமும் மாறிடும். லேசர்ல செய்யற அளவுகள்ல பெரும்பாலும் எலக்ட்ரான் இந்த மெதுவான வகைதான். ரூத் சிக்னொரெல்லோட சூரிச் குழு 2017ல இந்த மோதலை எல்லாம் கணக்குல சேர்த்து பின்னோக்கி போட்டுப் பாத்து, நிஜமான எண் 3.7ன்னு சொன்னாங்க. அதே டேட்டா, சிதறல் கணக்கு சேர்ந்ததும் எண் மாறுது. இத தெரிஞ்சுக்காம படிச்சா யாரோ தப்பா அளந்துட்டாங்கன்னு தோணும், தப்பா அளக்கல, அளந்தது வாசல்ல.

இப்ப தண்ணிக்குள்ளயே இருக்கற கடிகாரம். எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா இதுக்கு ஃபெம்டோசெகண்ட் லேசரே வேண்டாம். ஆக்ஸிஜனோட உள்கூட்டுல, அதாவது 1எஸ் மட்டத்துல இருக்கற எலக்ட்ரான எக்ஸ்ரேவால எடுக்கணும், திரவத் தண்ணியில அதுக்கு 538 எலக்ட்ரான் வோல்ட் வேணும். அங்க ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டை ஏறக்குறைய 4 ஃபெம்டோசெகண்ட்தான் தாக்குப்பிடிக்கும், மேல இருக்கற ஒரு எலக்ட்ரான் விழுந்து அத அடைக்கும், அதுல மிச்சமாகற எனர்ஜியில இன்னொரு எலக்ட்ரான் 500 எலக்ட்ரான் வோல்ட் வேகத்துல வெளிய பாயும். இதுக்கு ஓஜே எலக்ட்ரான்னு பேரு. ஓட்டை விழுந்த நேரத்துல இருந்து ஓஜே எலக்ட்ரான் கிளம்பற வரைக்கும் மூலக்கூறு ஏதாவது மாறியிருந்தா அந்த மாற்றம் அந்த எலக்ட்ரானோட எனர்ஜியில பதிஞ்சிருக்கும். சிங்க்ரோட்ரான்ங்கற பெரிய வளையக் கருவியில இருந்து வர்ற எக்ஸ்ரே பல்ஸ் பிகோசெகண்ட் கணக்குல, அதாவது ஆயிரக்கணக்கான ஃபெம்டோசெகண்ட் நீளமா இருந்தா கூட பரவாயில்ல, கடிகாரம் ஓட ஆரம்பிக்கறதே ஓட்டை விழும்போதுதானே.

அந்த 4 ஃபெம்டோசெகண்ட்ல என்ன மாற முடியும்? எலக்ட்ரான் தவிர எது அசையும்னு பாத்தா புரோட்டான், அதாவது ஹைட்ரஜனோட கரு ஒண்ணுதான் அவ்வளவு லேசு. 2013ல பெர்லின் பெஸ்ஸி 2 சிங்க்ரோட்ரான்ல பெர்ன்ட் வின்டர் குழு சாதா தண்ணியிலயும் கனநீர்லயும் ஓஜே ஸ்பெக்ட்ரத்த எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தாங்க. வேதியியல் ரீதியா ரெண்டும் ஒண்ணுதான், எலக்ட்ரான் மட்டங்கள்லயும் வித்தியாசம் இல்லாத மாதிரிதான், டியூட்டீரியம் ரெண்டு மடங்கு கனம் அவ்வளவுதான், அதனால 1.4 மடங்கு மெதுவா நகரும். ஆனா ஸ்பெக்ட்ரம் ஒண்ணா இல்ல, வேகமான பக்கத்துல சாதா தண்ணியில சிக்னல் தெளிவா அதிகம். விளக்கம் என்னன்னா ஓட்டை அடைபடறதுக்கு முன்னாடியே புரோட்டான் ஹைட்ரஜன் பிணைப்பு வழியா பக்கத்து மூலக்கூற நோக்கி கிளம்பிடுது, ஓஜே நடக்கற நேரத்துல ரெண்டு பாசிட்டிவ் மின்னூட்டமும் ஒரே மூலக்கூறுல உக்காராம ரெண்டு பேருக்கு பங்கு பிரிஞ்சுடுது, ஒண்ண ஒண்ணு தள்ளறது குறையறதால வெளிய போற எலக்ட்ரானுக்கு கொஞ்சம் அதிக வேகம் கிடைக்குது. கனநீர்ல அவ்வளவு தூரம் போக நேரம் பத்தல. ரெண்டு பாட்டில் தண்ணிய மாத்தி மாத்தி ஓட விட்டு நாலு ஃபெம்டோசெகண்ட அளந்துட்டாங்க!

இதே வரிசையில இன்னொரு சமாச்சாரம், ஐசிடி, அதாவது இன்டர்மாலிக்யூலர் கூலம்பிக் டிகே. ஹைடெல்பெர்க்ல லோரென்ஸ் செடர்பாமும் கூட இருந்தவங்களும் 1997ல கணக்கு போட்டு சொன்னது: ஒரு மூலக்கூறு தன்கிட்ட இருக்கற அதிகப்படி எனர்ஜிய பக்கத்து மூலக்கூறுக்கு குடுத்து, அங்க இருந்து ஒரு எலக்ட்ரான துரத்தி விடலாம். நியான் கொத்துகள்ல, அதாவது ஒண்ணா ஒட்டிக்கிட்ட நியான் அணுக்கள் கூட்டத்துல, 2003ல முதல் தடவையா பாத்தாங்க, 2010ல ரெண்டு ஜெர்மன் குழு தண்ணியில காட்டினாங்க, ஒண்ணு ரெண்டே மூலக்கூறு சேர்ந்த ஜோடியில, இன்னொண்ணு பெரிய கொத்துல. இதுக்கு எவ்வளவு நேரம்ங்கறது முக்கியம், ஏன்னா அதுக்குள்ள புரோட்டான் நகர்ந்துட்டா எனர்ஜி கணக்கு மாறி இந்த வழி அடைபட்டுடும். 2018ல சின்னத் தண்ணிக் கொத்துகள்ல இதே சாதா தண்ணி கனநீர் வித்தியாசத்த வெச்சு 12ல இருந்து 52 ஃபெம்டோசெகண்ட் வரைக்கும்னு சொன்னாங்க. இதெல்லாம் வெறும் ஆர்வத்துக்காகன்னு நினைக்க வேண்டாம், ஐசிடியில வெளிய வர்றது மெதுவான எலக்ட்ரான், கனடாவுல லியோன் சான்ஷ் குழு 2000ல, 3ல இருந்து 20 எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் இருக்கற எலக்ட்ரானே டிஎன்ஏ இழைய உடைக்கும்னு காட்டிட்டாங்க. உடம்புல பாதிக்கு மேல தண்ணி, கதிர் சிகிச்சையில கதிர் முதல்ல மோதறது பெரும்பாலும் அதுலதான்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், எல்லா வெற்றியும் எலக்ட்ரான் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியோடது இல்ல. மேல்மட்ட எலக்ட்ரான இழந்த தண்ணி மூலக்கூறு பக்கத்துல இருக்கறவருக்கு புரோட்டான குடுத்துட்டு ஓஎச் ரேடிக்கலா, அதாவது ஒரு ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் மட்டும் இருக்கற, சட்டுனு வினை புரியற துண்டா மாறற நேரம் ரொம்ப நாளா யாருக்கும் பிடிபடல. 2020 ஜனவரியில சயின்ஸ்ல வந்த கட்டுரையில 46 ஃபெம்டோசெகண்ட்னு எண் வந்துச்சு, சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகம், அமெரிக்கா ஆர்கான் ஆய்வகம், ஜெர்மனி டெசி ஆய்வகம்னு மூணு இடத்து ஆட்கள் சேர்ந்து கலிஃபோர்னியா எல்சிஎல்எஸ் எக்ஸ்ரே லேசர்ல செஞ்சது, அது எக்ஸ்ரே உறிஞ்சறத பாத்த அளவு. ஏன் அது ஜெயிச்சுதுன்னா, ஓட்டை விழுந்த தண்ணியும் ஓஎச்சும் 526 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் எக்ஸ்ரேய உறிஞ்சும், அந்த இடத்துல சாதா தண்ணி உறிஞ்சறதே இல்ல. போட்டோஎலக்ட்ரான்ல அப்படி காலியான இடம் கிடைக்கறது அபூர்வம், அடி வாங்காத கோடிக்கணக்கான மூலக்கூறுல இருந்து வர்ற சிக்னல் மேலயே உக்காந்திருக்கும், முதல் பல்ஸே நிறைய எலக்ட்ரான கிளப்பி விட்டா அதுங்க ஒண்ண ஒண்ணு தள்ளி ஸ்பெக்ட்ரத்தையே கலைச்சிடும்.

ஃபெம்டோசெகண்டுக்கும் கீழ போயாச்சான்னா போயாச்சு. அதே 2020ல சூரிச் ஈடிஎச் பல்கலைக்கழகத்துல ஹான்ஸ் யாக்கோப் வோர்னர் குழு, திரவத் தண்ணியில இருந்து எலக்ட்ரான் கிளம்பறது நீராவியில இருந்து கிளம்பறத விட 50ல இருந்து 70 அட்டோசெகண்ட் தாமதம்னு அளந்தாங்க, அட்டோசெகண்ட்னா ஃபெம்டோசெகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு. மைக்ரோஜெட்ல தாரையும் அத சுத்தி ஆவியும் ஒரே இடத்துல இருக்கறதால ரெண்டையும் ஒரே அளவுல ஒப்பிட முடிஞ்சுது, ஆவி தொல்லைன்னு புலம்பிக்கிட்டு இருந்தவங்களுக்கு அதே ஆவி உதவி பண்ணிடுச்சு. செய்திகள்ல பல பேர் இத எலக்ட்ரான் தண்ணிக்குள்ள நடந்து வெளிய வர ஆகற நேரம்னு எழுதினாங்க, அது சரியில்ல. அந்தப் பயண நேரத்தோட பங்கு ரொம்பக் குறைவுன்னு கட்டுரையிலயே இருக்கு, தாமதம் வர்றது மூலக்கூற சுத்தி நெருக்கமா இருக்கற அண்டை மூலக்கூறுகளால.

2022ல அதே சூரிச் குழு திரவத் தண்ணியில ஒரே நிகழ்வுல வர்ற ரெண்டு எலக்ட்ரானையும் ஜோடியா பிடிச்சு, ஐசிடி நிஜத் திரவத்துலயும் நடக்குதுன்னு காட்டிட்டாங்க. ஜோடியா பிடிச்சா எது அடி வாங்கின மூலக்கூறுல இருந்து வந்தது, எது வழியில சும்மா மோதிக் கிளம்பினதுன்னு ஓரளவுக்கு பிரிக்கலாம், அதனால அடுத்து வேலை இந்தப் பக்கம்தான் நகரும்னு நினைக்கறேன், லேசர் பல்ஸ இன்னும் குட்டியாக்கறதுல இல்ல. நீங்க இது சம்பந்தமா ஏதாவது கட்டுரை படிக்க ஆரம்பிச்சா எத்தனை ஃபெம்டோசெகண்ட்னு தேடறதுக்கு முன்னாடி டிடெக்டருக்கு வந்த எலக்ட்ரான் எவ்வளவு வேகத்துல வந்துச்சுன்னு பாருங்க, பத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு கீழன்னா சிதறலுக்கு என்ன கணக்கு போட்டாங்கன்னு தேடுங்க, அந்தப் பகுதி இல்லன்னா பீக் எங்க இருக்குங்கறத கொஞ்சம் தள்ளி வெச்சே படிங்க, பீக் எவ்வளவு நேரத்துல மாறுதுங்கறத மட்டும் ஓரளவு நம்பலாம்.